திரும்பி வர ஒரு குறிப்பு

பினாங்குத் தீவில், ஜோர்ஜ்டவுன் நகருக்குத் தெற்கே அமைந்துள்ளது பாயான் லெப்பாஸ். இன்டெல் நிறுவனம் 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் ஒருங்கிணைப்புத் தொழிற்சாலையை அங்குதான் தொடங்கியது. அன்று முதல் நுண்சில்லுத் தொழில் பினாங்கு மக்களின் வாழ்வோடு கலந்துவிட்டது. அந்நிறுவனம் வடிவமைத்த நுண்செயலிகள் உலகெங்கும் மேசைக் கணினிகளின் மூளையாக விளங்கின. ஆயினும், மூளைக்கும் சில வேளைகளில் தடுமாற்றம் ஏற்படும். அப்போது அதை எவ்வாறு மீண்டும் இயங்கச் செய்வது?

ஐ.பி.எம். நிறுவனம் 1981ஆம் ஆண்டில் தனது முதல் தனியாள் கணினியை வெளியிட்டது. அதில் இன்டெல் 8088 நுண்செயலி இருந்தது. மீட்டமைக்கும் பொத்தான் இல்லை. கணினி முடங்கினால் மின்விசையை நிறுத்தி, மீண்டும் போட வேண்டும். உடனே கணினி தன் நினைவகம் முழுவதையும் சோதிக்கத் தொடங்கும். பயனர் காத்திருக்க வேண்டும். இதைத் தவிர்க்க, டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தும் முறையை உருவாக்கினார். கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகியவையே அவை. அவற்றை அழுத்தியதும், பயாஸ் எனப்படும் தொடக்க மென்பொருள் நினைவகத்தில் 1234 என்ற குறியீட்டை எழுதிவிட்டுத் தொடக்கத்திற்குச் செல்லும். அங்கு அக்குறியீட்டைக் கண்டதும் நினைவகச் சோதனையை விட்டுவிடும்.

எனினும், விசைப்பலகையின் அழைப்பையே நுண்செயலி கவனிக்காத அளவிற்கு முடங்கிவிட்டால், இம்முறை பயன்படாது.

1984ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினி வேறொரு சிக்கலை எதிர்நோக்கியது. அதிலிருந்த 80286 நுண்செயலிக்கு இரண்டு நிலைகள் இருந்தன. பழைய நிலையில் 1 மெகாபைட் நினைவகத்தை மட்டுமே அது அணுக முடியும். புதிய நிலையில் 16 மெகாபைட் வரை அணுக முடியும். ஆனால், புதிய நிலைக்குச் சென்றபின் பழைய நிலைக்குத் திரும்ப எந்தக் கட்டளையும் இல்லை. அக்காலச் செயலிகளோ பெரும்பாலும் பழைய நிலைக்காகவே எழுதப்பட்டவை. நுண்செயலியை மீட்டமைப்பது ஒன்றே வழி.

பொறியாளர்கள் அதற்கும் ஓர் உபாயம் கண்டனர். விசைப்பலகையைக் கவனிக்கும் 8042 என்ற சிறு சில்லின் ஒரு முனையை நுண்செயலியின் மீட்டமைப்புக் கம்பியோடு இணைத்தனர். மென்பொருள் முதலில், மின்கலத்தால் இயங்கும் சிறு நினைவகத்தில் ஒரு குறிப்பை எழுதும். திரும்பிச் செல்ல வேண்டிய இடத்தின் முகவரியை முதன்மை நினைவகத்தில் வைக்கும். பின்னர், அந்தச் சிறு சில்லுக்குக் கட்டளையிடும். சில்லு கம்பியைத் தூண்ட, நுண்செயலி அனைத்தையும் மறந்து புதிதாய் விழிக்கும். மின்சாரம் தடைபடாததால் நினைவகத்திலுள்ள தரவுகள் அழிவதில்லை. பயாஸ் அக்குறிப்பைப் படித்து, நுண்செயலியை விட்ட இடத்திற்கே அனுப்பிவைக்கும்.

1985ஆம் ஆண்டில் அறிமுகமான 80386 நுண்செயலி, மீட்டமைப்பு இல்லாமலேயே பழைய நிலைக்குத் திரும்பும் ஆற்றலைப் பெற்றிருந்தது. முந்தைய வடிவமைப்பின் குறை அதில் களையப்பட்டது.

மீண்டும் தொடங்குவது எளிது. விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதான் அரிது. அதற்கு, நிறுத்துவதற்கு முன்பே ஒரு குறிப்பை எழுதி வைத்திருக்க வேண்டும். அக்காலப் பொறியாளர்கள் கணினிக்குக் கற்பித்த இப்பாடம் மனிதருக்கும் பொருந்தும்.