உங்க கிளைக்கு 0.8 வந்தா என்ன அர்த்தம்?

நீங்க பேங்க்ல வேலை பார்க்கறீங்க, உங்க கிளையோட செயல்திறன் 0.8-னு ஒரு ரிப்போர்ட் வருதுன்னு வச்சுக்கோங்க. பயப்படறதுக்கு முன்னாடி அந்தக் கணக்கைப் பார்த்துடலாம்.

இதுக்குப் பேர் டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ். 1978-ல சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூணு பேரும் லீனியர் புரோகிராமிங் வச்சுக் கொண்டுவந்த முறை.

உதாரணத்துக்கு மூணு கிளை, ஒவ்வொண்ணுலயும் 10 பேர். முதல் கிளை மாசம் 200 லோன், 100 டெபாசிட். இரண்டாவது 100 லோன், 200 டெபாசிட். உங்களுது 120, 120. முதல் ரெண்டையும் பாதிப் பாதி கலந்தா, அதே 10 பேருக்கு 150, 150 வருது. 120-ஐ 150-ஆல வகுத்தா 0.8. எந்தக் கலவையோட உங்களை ஒப்பிடணும்னு கண்டுபிடிக்கறதுதான் லீனியர் புரோகிராமிங்கோட வேலை. (கிளைகள் நூத்துக்கணக்குல இருந்தா கையால போட முடியாது, எக்செல் சால்வர் வேணும்.)

இதை வச்சு "8 பேர் போதும், ரெண்டு பேர் அதிகம்"னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதீங்க. எந்தக் கிளைகளோட ஒப்பிட்டாங்கன்னு கேளுங்க. அவங்க இருக்கறது கடைவீதி, நீங்க இருக்கறது கிராமம்னா, அந்த வித்தியாசம் இந்தக் கணக்குல எங்கயும் இல்ல. 1 வாங்கின கிளையும் சூப்பர்னு அர்த்தமில்ல. அந்தக் கூட்டத்துல அதை மிஞ்ச ஆளில்ல, அவ்வளவுதான். கிளைகள் கம்மியா இருந்து அளவுகோலை மட்டும் கூட்டிக்கிட்டே போனா, கிட்டத்தட்ட எல்லாருக்குமே 1 வந்துடும்.