இஸ்கந்தரிய்யாவுக்குப் போய் வந்தவரும் எழுதாமல் விட்ட கடனும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் டிரஸ்டின் உறுப்பினர் ஒருவர் பஞ்சு வியாபாரத்தில் இருக்கிறார். எகிப்து நாட்டின் நீள இழைப் பஞ்சைக் கோவைப் பக்கத்து மில்களுக்கு வாங்கித் தருவது அவர் தொழில். அந்த வேலையாக இஸ்கந்தரிய்யா நகருக்குப் போய்ப் பத்து நாள் தங்கித் திரும்பினார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து டிரஸ்ட் அலுவலகத்தில் உட்கார்ந்து, செல்போனில் படங்களைக் காட்டினார். பத்துப் பேருக்கு மேல் கூடிவிட்டோம்.

முதல் படம் மத்தியதரைக் கடலோரம் நிற்கும் கோட்டை. 1477-இல் மம்லூக் சுல்தான் காயித்பே கட்டத் தொடங்கியது. அதற்கு முன் அந்த இடத்தில்தான் உலக அதிசயங்களில் ஒன்றான கலங்கரை விளக்கம் இருந்தது. இப்னு பதூதா 1326-இல் அங்கே போனபோது அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349-இல் திரும்ப வந்தபோது உள்ளே நுழையவே முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தது. இந்த இரண்டு வருகைகளுக்கும் நடுவில்தான் அவர் நம் மதுரைக்கும் வந்து போனார்.

அடுத்து 1287-இல் மறைந்த ஷாதுலிய்யா தரீக்காவின் பெரியார் அபுல் அப்பாஸ் அல்முர்ஸி அவர்களின் பள்ளிவாசல். அதற்கு எதிரில் இமாம் பூஸிரி அவர்கள் அடங்கியிருக்கும் பள்ளிவாசல். சிறு வயதிலிருந்து வீட்டில் புர்தா ஓதக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்தப் படத்தை விட மனமில்லாமல் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பெரியவர் ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு கேள்விகள். தொழுகையைக் கஸ்ராகத் தொழுதாயா, சாப்பாடு எப்படி, இறைச்சி ஹலால்தானா என்றெல்லாம் கேட்டார்கள். கஸ்ர் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுவோம். ஹனஃபி மத்ஹபில் ஓர் ஊரில் 15 நாளுக்குக் குறைவாகத் தங்க நிய்யத் இருந்தால் கஸ்ர். ஷாஃபி மத்ஹபில் போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 நாள் தங்க நிய்யத் இருந்தால் முழுத் தொழுகை. மேலும் ஐயம் இருப்பவர்கள் இமாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நாம் கேட்டது வேறொன்று. பஞ்சு விற்றவரோடு என்ன எழுத்து இருக்கிறது என்று கேட்டோம். பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். ஏழெட்டுப் பக்கம். பேல் எத்தனை, இழை நீளம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு இருக்கலாம், எந்தத் துறைமுகம், கப்பலில் ஏறிய பின் சேதமானால் யார் பொறுப்பு, தகராறு வந்தால் எந்த ஊர்ப் பஞ்சு சங்கத்தின் விதிப்படி தீர்ப்பது என்று எல்லாம் இருந்தது. மாஷா அல்லாஹ் என்றோம். இந்தப் பயணத்துக்கு மச்சானிடம் மூன்று லட்சம் வாங்கினதாகச் சொன்னாயே, அதற்கு என்ன எழுத்து என்று அடுத்துக் கேட்டோம்.

சிரித்துவிட்டார். "அது வீட்டுப் பணம்ணே. மச்சான்கிட்டப் போய்ப் பேப்பர் நீட்டுனா நல்லா இருக்குமா?"

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பைப் பற்றியதுதான். அவரிடம் சொல்லிவிட்டே எழுதுகிறோம்.

இஸ்கந்தரிய்யா நமக்குப் புது ஊர் அல்ல. ஆலங்குடிக்கு அந்தப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அப்போது நம் பகுதி புதுக்கோட்டை சமஸ்தானம். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான ரோமப் பேரரசர்களின் காசுகள் அவை. பெரும்பாலானவற்றில் அரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். அந்தக் காலத்து ரோமப் பொன் இந்தியாவுக்கு வந்த பெரிய வழி இஸ்கந்தரிய்யா வழி. அங்கிருந்து நைல் ஆற்றில் தெற்கே போய், பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்து, செங்கடல் துறையில் கப்பலேறி, பருவக்காற்றில் நம் கடற்கரைக்கு வருவார்கள். நம் பிள்ளைகள் ஆடு மேய்க்கும் மண்ணுக்கடியில் அந்த வியாபாரத்தின் காசு கிடந்திருக்கிறது. புதுக்கோட்டைப் பள்ளிக்கூடங்களில் இதை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிக் கொடுக்கலாம்.

அந்த வியாபாரத்தைப் பற்றிய ஒரு பாப்பிரஸ் தாள் இன்று ஆஸ்திரியாவின் வியன்னா நூலகத்தில் இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1985-இல் அறிஞர்கள் அதைப் படித்து வெளியிட்டார்கள். சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்கான வியாபாரப் பயணத்துக்குக் கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் செய்துகொண்ட ஏற்பாடு அது. செங்கடலில் இறங்கிய சரக்கை நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும்; காவலோடு பாலைவனத்தைக் கடத்த வேண்டும்; நைல் வழியாக இஸ்கந்தரிய்யாவுக்குக் கொண்டுபோய்க் கடன் கொடுத்தவரின் முத்திரையோடு கிடங்கில் வைக்க வேண்டும்; கால் பங்குச் சுங்கவரியைக் கட்ட வேண்டும்; சொன்ன நாளில் கடன் திரும்பாவிட்டால் கொடுத்தவர் சரக்கை எடுத்துக்கொள்ளலாம். மறுபக்கத்தில் 'ஹெர்மபொல்லன்' என்ற கப்பலில் வந்த தந்தம், கங்கைக் கரை வாசனைப்பொருள் முதலியவற்றின் எடையும் விலையும் இருக்கின்றன.

ரோமர்களின் கப்பல் கடன் வட்டிக்குக் கொடுக்கப்பட்டது. அது நமக்கு ஹராம், அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் இஸ்கந்தரிய்யா வியாபாரிக்கும் அவருக்குப் பணம் கொடுத்தவருக்கும் நடுவில் என்ன பேச்சு இருந்தது என்று நாம் இன்று உட்கார்ந்து படிக்க முடிகிறது. நம் உறுப்பினருக்கும் அவர் மச்சானுக்கும் நடுவில் என்ன பேச்சு என்பது அவர்கள் வீட்டுப் பெண்களுக்குக்கூடத் தெரியாது.

பாண்டியர் காலத்திலும் இப்படித்தான். அரபு, பாரசீகக் கரையிலிருந்து நம் கடற்கரைக்குக் குதிரைகள் வந்தன. ஆண்டுக்கு 1,400 குதிரை என்றும், ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார் என்றும், வழியில் கடலில் செத்துப்போனாலும் விலையைப் பாண்டியரின் கருவூலம் தர வேண்டும் என்றும் ஏற்பாடு இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஃபிக்ஹ் சட்டப்படி அந்த நிபந்தனை செல்லுமா என்பது வேறு பேச்சு. நட்டம் யார் தலையில் என்பதைக் கப்பல் கிளம்பும் முன்பே பேசி முடித்தார்கள் என்பதைத்தான் கவனிக்கிறோம்.

குர்ஆனின் மிக நீளமான ஆயத்து எது என்று மதரஸா பிள்ளைகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஸூரத்துல் பகராவின் 282-ஆவது ஆயத்து. அது பேசுவது கடனை எழுதி வைப்பதைப் பற்றி. தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ள வேண்டும், கடன் வாங்கியவர் வாசகத்தைச் சொல்ல வேண்டும், எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறியதோ பெரியதோ எழுதச் சடைந்துகொள்ளக் கூடாது. கைக்குக் கை முடிகிற வியாபாரத்துக்கு மட்டும் எழுதாவிட்டால் குற்றமில்லை. அதற்கடுத்த 283-ஆவது ஆயத்து பயணத்தைப் பற்றியே பேசுகிறது: சஃபரில் இருந்து எழுதுபவர் கிடைக்காவிட்டால் அடைமானப் பொருளைக் கையில் ஒப்படைத்துக்கொள்ளலாம், ஒருவரை ஒருவர் நம்பினால், நம்பப்பட்டவர் அமானத்தை நிறைவேற்றி அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ள வேண்டும்.

இப்படி எழுதுவது வாஜிப் அல்ல, விரும்பத்தக்கது என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. நம்மவர்கள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு முழு ஆயத்தையும் விட்டுவிட்டோம்.

விட்டதனால் என்ன ஆகும் என்பதற்கு டிரஸ்டுக்கு வந்த ஒரு வழக்கைச் சொல்கிறோம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். கணவரை இழந்த ஒரு தாய், மகளின் நிக்காஹுக்காக வைத்திருந்த 18 பவுனைத் தங்கை மகனிடம் கொடுத்தார். அவர் மலேசியாவுக்கு ஜவுளிச் சரக்கு கொண்டுபோய் விற்பவர். நகையை விற்றுச் சரக்கெடுத்தார். இரண்டு முறை போய் வந்தார். மூன்றாவது முறை போன இடத்தில் மாரடைப்பில் மவுத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். சரக்கு யாரிடம் இருக்கிறது, யார் யார் பாக்கி தர வேண்டும் என்று எதுவும் தெரியவில்லை.

இத்தா முடிந்ததும் பெரியம்மா கேட்டார். மருமகளுக்கு அப்படி ஒரு நகை வாங்கியதே தெரியாது. இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் அல்ல. எங்களுக்கு அவர்களை முப்பது வருடமாகத் தெரியும். அந்த 18 பவுன் என்ன என்பதுதான் கேள்வி. கடன் என்றால் மய்யித்துச் செலவு போக, வாரிசுப் பங்கு பிரிக்கும் முன் முதலில் அதை அடைக்க வேண்டும். முளாரபா, அதாவது ஒருவர் முதல் மற்றவர் உழைப்பு என்ற கூட்டு என்றால், உழைத்தவர் தவறு செய்யாமல் முதல் போய்விட்டால் நட்டம் முதல் போட்டவருடையது. திருப்பிக் கேட்க முடியாது. அன்பளிப்பு என்றால் ஒன்றுமே இல்லை. மூன்றுக்கும் மூன்று தீர்ப்பு. "அவசரத்துக்கு வச்சுக்கடா தம்பின்னு குடுத்தேன்" என்பதுதான் அந்தத் தாயின் வார்த்தை. அதை எந்தப் பெட்டியில் போடுவது?

ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிடலாம் என்று வந்தார்கள். இறந்தவருக்கு வயதுக்கு வராத மூன்று பிள்ளைகள். நிரூபிக்கப்படாத கடனுக்கு யத்தீம்களின் பங்கிலிருந்து தாராளம் காட்ட எங்களுக்கும் உரிமை இல்லை, அவர்களின் தாய்க்கும் உரிமை இல்லை. மனைவிக்குரிய எட்டில் ஒரு பங்கு மட்டுமே அவர் தன் விருப்பப்படி கொடுக்கக் கூடியது. அந்தப் பெண் அதிலிருந்து நான்கு பவுன் மதிப்புக்குக் கொடுத்தார். எடுத்துக் கொடுத்தபோதும் அழுதார், வாங்கியவரும் அழுதார். ஸுல்ஹ் ஆகிவிட்டது என்று பதிவேட்டில் எழுதினோம். இரண்டு வீட்டாரும் இன்னும் பெருநாளைக்குப் போய் வருவதில்லை.

பயணத்தில் மவுத் என்பது ஸீராவைப் படித்தவர்களுக்குப் புதிதல்ல. குறைஷிகள் குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் வியாபாரக் கூட்டம் அனுப்பியவர்கள். நபி (ஸல்) அவர்களின் பாட்டனாரின் தந்தை ஹாஷிம் அப்படிப் போன இடத்தில், மத்தியதரைக் கடலோர ஊரான கஸ்ஸாவில் இறந்தார். இன்று நாம் துஆவில் கண்ணீரோடு நினைக்கும் அதே கஸ்ஸாதான். 'ஹாஷிமின் கஸ்ஸா' என்று அதற்குப் பெயர். நபி (ஸல்) அவர்களின் தந்தை அப்துல்லாஹ்வும் ஷாம் வியாபாரத்திலிருந்து திரும்பும் வழியில் யத்ரிபில் நோயுற்று இறந்தார். அவர் விட்டுப் போனவை ஐந்து ஒட்டகம், சில ஆடுகள் என்று ஸீரா நூல்களில் கணக்கு இருக்கிறது. பின்னாளில் நபி (ஸல்) அவர்கள் ஜனாஸா கொண்டுவரப்பட்டால் இவருக்குக் கடன் உண்டா என்று கேட்பார்கள். அடைக்க வழியில்லாத ஒருவரின் கடனை அபூ கதாதா (ரலி) ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள். கடன் எவ்வளவு என்று தெரிந்ததால்தானே அவரால் ஏற்க முடிந்தது?

ஆகவே சரக்கெடுக்கவோ கடை வைக்கவோ வெளிநாடு போகிறவர் எழுத வேண்டியது இது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எவ்வளவு. நகை என்றால் எத்தனை பவுன் எடை, அன்றைய விலை என்ன. கடனா கூட்டா என்பதை ஒரே சொல்லில். கடன் என்றால் வட்டியில்லாமல், திருப்பும் தேதியோடு. கடைகளில் கிடைக்கும் புரோநோட்டில் வட்டி வரி அச்சிட்டிருக்கும். அதை அடித்து அந்த இடத்தில் இருவரும் கையெழுத்திடலாம். புரோநோட்டுக்குச் சட்டப்படி மூன்று வருடம்தான் கெடு என்பதையும் மறக்க வேண்டாம். கூட்டு என்றால் லாபத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுத வேண்டும். "லட்சத்துக்கு மாசம் இரண்டாயிரம் லாபம்" என்று நிச்சயத் தொகை பேசுவது லாபம் அல்ல, பெயர் மாற்றிய வட்டி. நம் ஊரில் இது கூடிக்கொண்டே போகிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு சாட்சி. ஒரு நகல் கொடுத்தவர் வீட்டில், ஒரு நகல் போகிறவரின் மனைவியிடமோ தாயிடமோ. அங்கே யாரிடம் பாக்கி, யாரிடம் சரக்கு என்ற கணக்கை மாதம் ஒரு முறை வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பினால் அதுவும் உதவும்.

பஞ்சு வியாபாரி அடுத்த வாரம் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார். நமக்காகத்தான் வந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. அவர் தன் வியாபாரத்தில் மச்சானுக்குப் பங்கு என்று நினைத்திருந்தார். மச்சானோ அதைக் கடன் என்று நினைத்து, ஷவ்வால் மாதம் மகள் நிக்காஹுக்குத் திரும்ப வரும் என்று மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கடன் என்றே எழுதி, ரமலான் 15-க்குள் திருப்புவதாகத் தேதி போட்டார்கள். இமாம் அவர்களும் டிரஸ்டின் பொருளாளரும் சாட்சிக் கையெழுத்திட்டார்கள்.

கடனுக்கும் கூட்டுக்கும் தனித்தனியே தமிழில் மாதிரித் தாள் டிரஸ்ட் அலுவலகத்தில் இருக்கிறது. கட்டணம் இல்லை. தினமும் அஸருக்குப் பிறகு மஃரிப் வரை வந்து வாங்கிக்கொள்ளலாம். எழுத உதவி தேவைப்படும் பெண்கள் மகன் வழியாகவோ நேரிலோ தெரிவித்தால் நாங்களே வீட்டுக்கு வந்து எழுதித் தருகிறோம். வஸ்ஸலாம்.