கட் செய்ய ஒரு காரணம் வேண்டும்

குறும்படம் எடுத்து முடித்த மாணவர்கள் எடிட்டிங்கில் முதலில் தேடுவது டிரான்சிஷனும் எஃபெக்டும்தான். அவை இல்லாமலும் படம் நிற்கும். ஷாட்டை எங்கே விடுவது, எங்கே தொடுவது என்பதில் கோட்டை விட்டால்தான் நிற்காது. மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும்.

முதலில் ஒழுங்கு

ஃபுட்டேஜை இரண்டு தனி டிரைவ்களில் காப்பி செய்த பிறகே மெமரி கார்டை அழியுங்கள். சீன், ஷாட், டேக் எண்களோடு கிளிப்புகளுக்குப் பெயரிடுங்கள். ஆடியோ தனியே பதிவாகியிருந்தால் கிளாப் சத்தத்தை வைத்து சிங்க் செய்யுங்கள். 24 ஃப்ரேமில் எடுத்திருந்தால் டைம்லைனும் 24 ஆக இருக்கட்டும். லேப்டாப் திணறினால் ப்ராக்ஸி (எடை குறைந்த காப்பி) போடுங்கள். உதவி எடிட்டராகச் சேர்ந்தால் முதலில் உங்கள் தலையில் விழப்போவது இந்த வேலைகள்தான், இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

ரஃப் கட்

எல்லா டேக்கையும் முழுதாகப் பாருங்கள். பிறகு கதை வரிசையில் அடுக்குங்கள். இசை வேண்டாம். மந்தமான காட்சியை இசை மூடிவிடும். எங்கே தொய்கிறது என்பது தெரியாமல் போகும்.

மூன்று கட்

ஊரிலிருந்து வந்த மகன் நாற்காலியில் உட்காருகிறான். வைடு ஷாட்டில் அவன் பாதி குனிந்திருக்கும்போதே கட் செய்து, மிட் ஷாட்டில் உட்கார்ந்து முடிக்க விடுங்கள். பார்ப்பவரின் கண் அவன் அசைவின் பின்னால் போவதால் வெட்டு உறுத்தாது. இது மேட்ச் கட்.

“வேலை போயிருச்சும்மா” என்கிறான். வசனம் முடியும்வரை அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். ‘வேலை’ என்றதுமே அம்மாவிடம் போங்கள். மீதிச் சொற்கள் அவள் முகத்தின் மேல் ஒலிக்கட்டும். இது எல் கட்.

அம்மாவின் முகத்திலேயே இருக்கும்போது, அடுத்த காட்சியின் பஸ் ஹாரன் கேட்கிறது. அதன் பிறகே பஸ் ஸ்டாண்ட் தெரிகிறது. இது ஜே கட். ஒலி முன்னே இழுப்பதால் காட்சி மாற்றம் தானாக நடக்கும்.

கன்டினியூட்டியா, உணர்ச்சியா?

அருமையாக நடித்த டேக்கில் டம்ளர் இடம் மாறியிருக்கும். எதை எடுப்பது? ‘அப்போகலிப்ஸ் நவ்’ படத்தின் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச், நல்ல கட்டுக்கு ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்தினார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23; யார், எது, எங்கே இருக்கிறது என்ற இடத் தொடர்ச்சிக்குக் கடைசியாக 4. ஆகவே நடிப்பை எடுங்கள். டம்ளர் கண்ணில் குத்தினால் சுவரையோ கையையோ காட்டும் ஒரு கட்அவே ஷாட் அதை மறைத்துவிடும்.

ஒலியை மறக்காதீர்கள்

ஒவ்வொரு லொகேஷனிலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் ரூம் டோன் பதிவு செய்யச் சொல்லுங்கள். வசனங்களுக்கு நடுவே அதை நிரப்பாவிட்டால், ஒவ்வொரு வெட்டிலும் ஒலி அறுந்து விழும்.

லாக் செய்யும் முன்

கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்துப் படத்தைப் போடுங்கள். திரையை விட்டு அவரைப் பாருங்கள். கை செல்போனுக்குப் போகும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்று முன்பிருந்து வெட்டிப் பாருங்கள். அதன் பிறகே பிக்சர் லாக், அதாவது இனி வெட்டில் மாற்றமில்லை என்ற முடிவு. லாக் ஆன படம் சவுண்ட் டிசைனரிடம் போனபின் இரண்டு ஃப்ரேமைக்கூடத் தொடாதீர்கள். தொட்டால் அதற்குப் பின்னால் வரும் ஒலி முழுவதும் சிங்க் தப்பும்.