அண்டமும் பிண்டமும்

அண்டத்தையும் பிண்டத்தையும் ஒப்பிட்டுப் பேசுதல் தமிழர்க்குப் பழகிய மரபு. அம்மரபை நினைவூட்டும் உதாரணம் ஒன்றை இன்றைய விஞ்ஞானமும் தந்துள்ளது. அதன் பெருமையோடு அதன் எல்லையையும் அறிதல் அன்பர்களுக்கு நலம் பயக்கும்.

மட்கிய மரங்களிலும் ஈரச் சருகுகளிலும் வாழும் மஞ்சள் நிற உயிர் ஒன்று உண்டு. பைசாரம் பாலிசெபாலம் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். உடல் முழுவதும் ஒரே உயிரணு. மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. ஆயினும் இரை தேடி நாற்புறமும் இழைகளைப் பரப்பும். இரையுள்ள இடங்களை இணைக்கும் இழைகள் தடித்து நிலைபெறும். ஏனையவை சுருங்கி மறையும். டோக்கியோவைச் சூழ்ந்த நகரங்களின் அமைப்பில் ஓட்ஸ் தானியத்தை வைத்து ஆராய்ந்தபோது, இவ்வுயிர் பின்னிய வலை அப்பகுதியின் ரயில் பாதைகளைப் பெரிதும் ஒத்திருந்தது. இவ்வாய்வு 2010-இல் வெளியாயிற்று.

வானத்திலும் இத்தகைய வலை உண்டு. விண்மீன் மண்டலங்கள் கண்டபடி சிதறிக் கிடப்பன அல்ல. கோடிக்கணக்கான ஒளியாண்டுகள் நீளும் இழைகளில் கோத்த மணிகள்போல் அவை விளங்குகின்றன. இடையே பெரும் வெற்றிடங்கள் உள்ளன. இழைகளில் உள்ள வாயு மிக மெல்லியது. அதனைக் கண்டறிதல் அரிது. 2020-இல் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவ்வுயிர் வளரும் முறையைக் கணிப்பொறியில் அமைத்து, சுமார் 37,000 விண்மீன் மண்டலங்களை அதற்கு இரையின் இடத்தில் வைத்தனர். கணிப்பொறி வரைந்த இழைகளை ஒட்டி ஹைட்ரஜன் வாயு இருத்தலை ஹப்பிள் தொலைநோக்கியின் பதிவுகள் காட்டின.

வடிவம் ஒத்தது, காரணம் ஒவ்வாது. இங்கே இழை பின்னுவது பசி. அங்கே பின்னுவது ஈர்ப்பு விசை. ஆதலால், பிரபஞ்சம் ஓர் உயிருடல் என்பது இதனால் நிரூபணமாயிற்று என்று உரைத்தல் பொருந்தாது.

வைணவர்க்கு அது தேவையும் அன்று. உலகம் எம்பெருமானுக்குச் சரீரம் என்று ஸ்ரீபாஷ்யத்தில் நிலைநாட்டிய உடையவர், சரீரத்திற்கு வடிவத்தை இலக்கணமாகக் கொள்ளவில்லை. எந்தச் சேதனனால் ஒரு பொருள் தாங்கப்பட்டு, நியமிக்கப்பட்டு, அவனுக்கே சேஷமாய் இருக்கின்றதோ, அப்பொருளே அவனுக்குச் சரீரம் என்பது அவர் அருளிய இலக்கணம். வடிவ ஒப்புமையால் அக்கொள்கை வலுப்பெறுவதில்லை. நாளை அவ்வொப்புமை பிழையென்று கண்டாலும் தளர்வதில்லை. இதனை உணர்ந்தோர் விஞ்ஞானத்தின் வியப்பை வியப்பாகவே துய்ப்பர். அதனிடம் சான்று கேட்டு நில்லார்.