ஆஞ்சியோவில் தெரியாத விறைப்பு

"அடைப்பு இல்லை, பம்பிங்கும் 60 சதவீதம் என்கிறார்கள். அப்புறம் ஏன் அம்மாவுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது?" பல வீடுகளில் கேட்கும் இந்தக் கேள்விக்குப் பின்னால் சில தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன.

நம்பிக்கை: அடைப்பு இல்லையென்றால் ரத்தக்குழாய் நன்றாக இருக்கிறது.

உண்மை: அடைப்பு வேறு, விறைப்பு வேறு. ஆஞ்சியோ காட்டுவது இதயத் தமனிகளின் உள்வழியை. விறைப்போ பெருந்தமனியின் சுவரில் வருவது. அந்தச் சுவரில் எலாஸ்டின் என்ற மீள்நார்கள் உண்டு. இதயம் துடிக்கும்போது பெருந்தமனி விரிந்து ரத்தத்தில் ஒரு பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும். இதயம் தளரும்போது சுருங்கி அதை முன்னே தள்ளும். முதுமை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு எல்லாம் சேர்ந்து அந்த நார்களைச் சிதைக்கின்றன. முரட்டுக் கொலாஜன் அங்கே பெருகுகிறது. பிறகு நாடி அலை வேகமெடுக்கிறது. கழுத்துக்கும் தொடைக்கும் இடையே நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் விறைப்பு என்று கணக்கு. வேகமாகப் போன அலை சீக்கிரமே திரும்பி, இதயம் ரத்தத்தைத் தள்ளி முடிப்பதற்குள் எதிரே வந்து மோதுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இந்தச் சுமைதான்.

நம்பிக்கை: பம்பிங் நன்றாக இருந்தால் இதயச் செயலிழப்பு கிடையாது.

உண்மை: இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 50 சதவீதமோ அதற்கு மேலோதான். சுமையைத் தள்ளித் தள்ளித் தடித்த இதயத்தசை சரியாகத் தளர்வதில்லை. அழுத்தம் நுரையீரல் பக்கம் ஏறுகிறது. படுக்கவைத்து எடுத்த எக்கோவில் தெரியாதது படியேறும்போது தெரிகிறது.

நம்பிக்கை: வயதானால் மேல் அழுத்தம் ஏறும், கீழ் அழுத்தம் சரியாக இருந்தால் போதும்.

உண்மை: இதுதான் அதிகம் கெடுக்கும் நம்பிக்கை. 170/70 என்றால் இடைவெளி 100. முதியவர்களிடம் அது 60-ஐத் தாண்டுவதே விறைப்பின் அறிகுறி. இதயத்தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது தளரும் நேரத்தில்தான் போகிறது; கீழ் அழுத்தம் மிகவும் இறங்கினால் அதுவும் குறையும். ஆனால் பம்பிங் குறைந்தவர்களுக்கு விறைப்பு இருந்தும் இடைவெளி சிறிதாகத் தெரியலாம்.

நம்பிக்கை: இதற்கு வழியே இல்லை.

உண்மை: சிதைந்த எலாஸ்டினை மீட்கும் மருந்து இல்லைதான். ஆனால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தலாம், உப்பைக் குறைக்கலாம், மருத்துவர் சொன்ன அளவில் நடக்கலாம். பம்பிங் குறையாத நோயாளிகள் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதை எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்து குறைத்தது என 2021-இலும், டாபாகிளிஃப்ளோசின் என்ற மருந்து குறைத்தது என 2022-இலும் பெரிய ஆய்வுகள் காட்டின.

மூச்சு வாங்குவதை வயதின் மேல் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மேல், கீழ் இரண்டு எண்களையும் எழுதி எடுத்துப்போங்கள்.