சோதனை7 என்று யாரும் சொல்வதில்லை

அன்புள்ள தம்பிக்கு,

ராஜபாளையத்து மில்லின் நூல் பரிசோதனைக் கூடத்துக்கு நீ எழுதிய பைத்தான் நிரலை முழுதும் படித்தேன். கணக்கு எல்லாமே சரியாக வருகிறது. ஆனால் சோதனை1, சோதனை2 என்று பன்னிரண்டு ஃபங்ஷன்கள் எழுதி, லூப்புக்குள் எண்ணை ஒட்டிப் பெயரைத் தயாரித்து, ‘இவால்’ போட்டுக் கூப்பிட்டிருக்கிறாய். அதை மாற்றிவிடு.

முதல் மூன்றை எடுத்துக்கொள். ஒன்று 40ஆம் நம்பர் நூலுக்கு, அடுத்தது 60க்கு, அதற்கடுத்தது 80க்கு. மூன்றிலும் நடப்பது ஒரே கணக்குத்தான். 840 கஜச் சிட்டம் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கிறதோ அதுவே நூலின் கவுண்ட், அதாவது நம்பர். 120 கஜ லீயின் எடையை கிராமில் பார்த்தால், 64.8ஐ அதால் வகுக்க வேண்டும். 40ஆம் நம்பர் லீ 1.62 கிராம் இருக்கும். வேறுபடுவது எதிர்பார்க்கும் எண் மட்டும் என்பதால் இங்கே ஒரு ஃபங்ஷன் போதும். 40, 60, 80 என்பவை அதற்குள் போகும் மதிப்புகள். இப்படிச் சுருக்கினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மிஞ்சுபவை நிஜமாகவே வேறு வேறு வேலைகள்: லீ வலிமை, முறுக்கு, சீரின்மை போன்றவை. கூடத்தில் இருப்பவர்கள் இந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். சோதனை7 எது என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது, சில மாதம் போனால் உனக்கும் தெரியாது. நடுவில் புதிதாக ஒன்று சேர்ந்தால் அதற்குப் பின்னுள்ள எல்லா எண்களையும் திருத்த வேண்டும். ஒட்டித் தயாரித்த பெயரை எடிட்டராலும் தேட முடியாது. பிழை இருந்தால் ஓடும்போதுதான் தெரியும்.

பெயர் வைப்பதற்குத் திருப்பாவையைப் பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி முழுக்க நாளுக்கொன்றாக முப்பது பாசுரங்கள். ஒவ்வொன்றுக்கும் அதன் முதற்சொற்களே பெயர். எது எதற்குப் பின் வரும் என்பது ஓதும் வரிசையில் இருக்கிறது, பெயருக்குள் அதைத் திணிக்கத் தேவைப்படவில்லை. உன் நிரலிலும் வரிசையைப் பெயரிலிருந்து பிரித்துவிடு.

பைத்தானில் ஃபங்ஷனும் எண்ணைப் போல ஒரு மதிப்புத்தான். ஜான் மெக்கார்த்தி 1958இல் தொடங்கிய லிஸ்ப் மொழியிலேயே இந்த எண்ணம் உண்டு. அதனால் இப்படி எழுதலாம்:

சோதனைகள் = [லீ_வலிமை, முறுக்கு, சீரின்மை]

பெயருக்குப் பின் அடைப்புக்குறி போடாதே. போட்டால் ஃபங்ஷன் அங்கேயே ஓடி, அதன் விடைதான் லிஸ்டில் உட்காரும். லூப்பில் ஒவ்வொன்றாக எடுத்து, அப்போது அடைப்புக்குறி போட்டு, நூல் மாதிரியைக் கொடு. எல்லாமே ஒரே வகை உள்ளீட்டை வாங்கி ஒரே வகை விடையைத் தர வேண்டும், இதில் கறாராக இரு. தமிழ்ப் பெயர் செல்லுமா என்று தயங்காதே. 2008இல் வந்த பைத்தான் 3 முதல் செல்லும். அறிக்கையில் பெயரோடு விடை வேண்டுமானால் டிக்‌ஷனரியில் வை, 3.7 முதல் சேர்த்த வரிசை அதில் மாறாது.

ஒரு பொறி இருக்கிறது. லூப்புக்குள்ளேயே லேம்டாக்களை உருவாக்கி 40, 60, 80ஐ நினைவில் வைக்கச் சொன்னால், லூப் முடிந்தபின் கூப்பிடும்போது மூன்றுமே 80 என்றுதான் சொல்லும். லேம்டா பிடித்து வைப்பது மாறியை, அப்போதைய மதிப்பை அல்ல. மதிப்பை அளவுருவின் இயல்பு மதிப்பாக (டிஃபால்ட்) கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

திருத்தியதும் அனுப்பு. முறுக்குச் சோதனையின் வரம்புகளை அதற்குள் கூடத்துக்காரர்களிடம் கேட்டு வைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்