பொருளுக்கும் மறுபிறவி உண்டு



ஹம் நகரில் வளரும் எம் சிறார்களுள் மக்சிமிலியான் பூங்காவின் கண்ணாடி யானையைக் காணாதவர் அரிது. 35 மீற்றர் உயர்ந்து நிற்கும் அந்த யானையின் தும்பிக்கைக்குள்ளே மின்னுயர்த்தி ஓடுகிறது. ஆயினும் அது யானையாகப் பிறக்கவில்லை என்பதைப் பலர் அறியார். நீர் புகுந்தமையால் 1914 ஆம் ஆண்டில் கைவிடப்பட்ட மக்சிமிலியான் சுரங்கத்திலே, நிலக்கரியைக் கழுவுவதற்கென எழுப்பப்பட்ட கட்டடமே அது. 1984 இல் இங்கு மாநிலத் தோட்டக் கண்காட்சி நடைபெற்றபோது அதனை இடித்துத் தள்ளாமல், ஹோர்ஸ்ற் ரெல்லெக்கே என்னும் கலைஞர் தலையும் தும்பிக்கையும் பொருத்தி யானையாக்கினார். பயன் தீர்ந்தது என்று கருதப்பட்ட ஒன்றுக்கு வேறொரு பயனைக் கண்டுபிடிப்பதே மீள்பயன்பாடு ஆகும். எமது பாடம் அதனைப் பற்றியதே.

மீள்பயன்பாடு வேறு, மீள்சுழற்சி வேறு. ஜாம் போத்தலைக் கழுவி அதில் மிளகாய்த்தூள் நிரப்புவது மீள்பயன்பாடு. அதே போத்தலைத் தெருவோரத்துக் கண்ணாடித் தொட்டியில் இட்டால், அது நொறுக்கப்பட்டு, ஏறத்தாழ 1500 பாகை வெப்பத்தில் உருக்கப்பட்டு, மீண்டும் ஒரு போத்தலாக வரும். இது மீள்சுழற்சி. குப்பையில் எறிவதினும் இது நன்றே. ஆனால் கழுவி எடுப்பதற்குச் சிறிது வெந்நீரே போதும், உருக்குவதற்கோ பெரும் உலை வேண்டும்.

கடைகளில் நீங்கள் மீளக் கொடுக்கும் 'பான்ட்' போத்தல்களிலும் இவ்வேறுபாடு உண்டு. 2003 சனவரி முதல் யேர்மனியில் ஒருமுறை மட்டும் பயன்படும் போத்தல்களுக்கும் தகரப் பேணிகளுக்கும் வைப்புப் பணம் அறவிடப்படுகிறது. அதன் தொகை 25 சதம். கழுவி மீண்டும் நிரப்பப்படும் போத்தலுக்கோ 8 அல்லது 15 சதமே பெரும்பாலும் கிடைக்கும். கூடிய பணம் தருவதால் 25 சதப் போத்தலே உயர்ந்தது எனச் சிறுவர் எண்ணிவிடுவர். அது நசுக்கப்படுவதற்காகவே செல்கிறது. கண்ணாடிப் போத்தலோ ஐம்பது தடவை வரை நிரப்பப்படக்கூடியது.

இனி எமது ஊர்ப் பக்கம் திரும்புவோம். யாழ்ப்பாணத்து வீடுகளில் 'குப்பை' எனத் தள்ளப்பட்டது மிகச் சொற்பமே. பனையோலை கூரையை வேய்ந்தது, வேலியை அடைத்தது. சில ஆண்டுகளில் உக்கியதும் தோட்டத்து மண்ணிலே தாழ்க்கப்பட்டுப் பயிருக்குப் பசளையாயிற்று. தேங்காய் துருவியபின் எஞ்சிய சிரட்டை அகப்பையாயிற்று. எரித்த சிரட்டைக் கரி ஸ்திரிக்கைப் பெட்டியில் இடப்பட்டது. பொச்சு தும்பாகிக் கயிறாகத் திரிந்தது. அரிசி கழுவிய நீர் மாட்டுக்கு. கிணற்றடியில் குளித்த நீர் வாழைக்கு.

அம்மாவின் பருத்திச் சேலை ஒன்றின் கதையைப் பாருங்கள். உடுத்து நைந்தபின் அது குழந்தைக்கு ஏணையாகும். ஏணைக்கு உதவாதபோது தலையணை உறையாகும். பின்னர் அடுப்படியிற் பிடிதுணி. ஈற்றில் கிழிந்த துண்டு விளக்குத் திரியாகி எரிந்து போகும். இந்தச் சேலைக்கு எத்தனை பெயர்கள்! பொருளோடு சொல்லும் வாழ்ந்தது. ஏணை கட்டாத வீட்டில் 'ஏணை' என்ற சொல்லைக் குழந்தைக்கு எவ்வாறு கற்பிப்பது என்பது தமிழாசிரியர்கள் அனைவரும் அறிந்த சங்கடம்.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டு மக்கள் பொருளாதாரத் தடையின் கீழ் வாழ நேர்ந்தது. மின்சாரம் அற்றுப் போயிற்று. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி ஆகியவை கிடைத்தற்கரியனவாயின. அக்காலத்தில் வீடுதோறும் எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியிற் சிறிது பஞ்சை இட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றி, உள்ளே சிறு திரியொன்றை நிறுத்திக் கொளுத்துவர். கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுக்கும். எண்ணெயும் குறைவாகவே செலவாகும். அவ்வொளியிற் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று உங்கள் பெற்றோராகவும் மாமா, சித்தியராகவும் இருக்கின்றனர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவை மிதித்து வானொலியிற் செய்தி கேட்டனர். சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினர். அச்சுத்தாள் இன்மையால் நாளிதழ்கள் கோடிட்ட பயிற்சிக் கொப்பித் தாளிலும் அச்சாகின. பனம்பழக் களியால் துணி வெளுக்கும் பழைய முறை மீண்டும் கைகொடுத்தது.

இவற்றை வீரக்கதையாக மட்டும் சொல்வது பொருத்தமன்று. அது விரும்பி மேற்கொண்ட சிக்கனம் அன்று, திணிக்கப்பட்ட இல்லாமை. அந்த விளக்குகளால் தீக்காயமுற்றோரும் உண்டு. ஆகவே சிறுவர்கள் அதனை வீட்டிற் செய்து பார்க்கலாகாது. ஆயினும், எதுவுமற்ற வேளையில் ஒரு வெற்றுப் போத்தலை விளக்காகக் காண முடிந்த கண்கள், பனையோலையையும் சேலையையும் அவ்வாறு பார்த்துப் பழகிய கண்களே.

யேர்மனியருக்கும் இது அந்நியமன்று. புகையிரதச் சந்தியாக விளங்கியமையால் ஹம் நகரம் இரண்டாம் உலகப் போரிற் கடுமையாகக் குண்டுவீசி அழிக்கப்பட்டது. 1945 இன் பின் இந்நாட்டு மகளிர் இடிபாடுகளிலிருந்து செங்கற்களைப் பொறுக்கி, ஒட்டியிருந்த சாந்தைத் தட்டி நீக்கி, மீண்டும் கட்டுவதற்கு அடுக்கினர். படைவீரரின் இரும்புத் தலைக்கவசத்தில் துளைகள் இட்டு, உருளைக்கிழங்கு வடிக்கும் பாத்திரமாக்கினர். உங்கள் வகுப்புத் தோழரின் பூட்டியிடம் கேட்க வாய்த்திருந்தால், எங்கள் அப்பாச்சிமாரின் கதையையே வேறு மொழியிற் சொல்லியிருப்பார்.

இன்றைய சமையலறைக்குச் சில குறிப்புகள். போத்தலின் ஒட்டுத்தாளை வெந்நீரில் ஊறவிட்டால் உரிந்துவிடும். எஞ்சிய பசையைச் சமையல் எண்ணெய் தடவித் துடைக்கலாம். வெள்ளரிக்காய் ஊறிய போத்தலின் மூடியில் மணம் போகாது. அதில் சீனியோ தேயிலையோ வைத்து வருந்தாமல் எலுமிச்சை ஊறுகாய்க்கு ஒதுக்குக. பொரித்த எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைபடும். ஆறியபின் மூடியுள்ள பழைய போத்தலில் நிரப்பி, எஞ்சிய கழிவுக்கான தொட்டியில் இடுக. காய்ந்து இறுகிய பாணை இடித்துத் தூளாக்கினால் கட்லட்டுக்கு வேறு றஸ்க் தூள் வாங்க வேண்டியதில்லை. யேர்மனியர் அதே பாணைப் பாலில் ஊறவைத்து உருண்டை பிடித்து அவிப்பர். மிஞ்சிய இடியப்பத்தை உதிர்த்து, வெங்காயமும் முட்டையும் சேர்த்துப் பிரட்டினால் பிள்ளைகள் புதிதாக அவித்ததினும் விரும்பி உண்பர். சோறு மட்டும் கவனத்திற்குரியது. அறை வெப்பத்தில் நெடுநேரம் கிடந்த சோறு வயிற்றைக் கெடுக்கும். விரைவில் ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தல் வேண்டும்.

ஐஸ்கிரீம் பெட்டிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் மன்னியார். ஆவலோடு திறந்தபோது உள்ளே வெட்டிய மீனைக் கண்டு ஏமாறாத தமிழ்ப் பிள்ளை இந்நாட்டில் உண்டோ! மீனுக்கும் கறிவேப்பிலைக்கும் அப்பெட்டி ஏற்றதே. கொதிக்கும் கறியை அதில் ஊற்றுவதும், நுண்ணலை அடுப்பில் வைப்பதும் தவறு. அது சூட்டுக்கென ஆக்கப்பட்டதன்று. நிலவறை நிறைய வெற்றுப் போத்தல்களை அடுக்கி வைத்திருப்பதும் சிக்கனமாகாது. பயன்படுத்தினாற்றான் மீள்பயன்பாடு, அடுக்கி வைத்தால் அது வெறும் சேகரிப்பு.

பெற்றோருக்கு ஒரு சொல். 1980களில் அகதிகளாக வந்தோர் பலரின் முதல் மேசையும் கதிரையும், பிறர் வேண்டாமெனத் தெருவோரம் வைத்தவையே. அதனை இன்று பிள்ளைகளிடம் சொல்லக் கூசுகிறோம். நாம் மறைப்பதால், அம்மா போத்தல் கழுவுவதைப் பிள்ளை வறுமையின் அடையாளமாகக் கண்டு தோழர் முன்னிலையில் நாணுகின்றது. அதே பிள்ளை பாடசாலையிற் சூழல் காப்பைப் பற்றிப் படித்து நற்புள்ளி பெற்று வருகின்றது! இரண்டும் ஒன்றே என்பதை வீட்டில் எவரும் அதற்குச் சொல்லவில்லை.

பயிற்சி

1. ஏணை, சிரட்டை, பொச்சு, பிடிதுணி, பசளை: இச்சொற்களின் பொருளறிந்து ஒவ்வொன்றையும் ஒரு வசனத்தில் அமைத்து எழுதுக.

2. உமது வீட்டுச் சமையலறையில், முன்னர் வேறொன்றாக இருந்த ஐந்து பொருள்களைத் தேடி, அவை முன்பு எவையாக இருந்தன எனக் குறிப்பிடுக.

3. உமது குடும்பத்து மூத்தவர் ஒருவரிடம், அவர் வீசாது வைத்திருக்கும் மிகப் பழைய பொருளைக் காட்டுமாறு கேட்டு, அது இந்நாட்டுக்கு வந்த கதையைப் பத்து வசனங்களில் எழுதி வருக.